மலையிலிருந்து கீழே படிக்கப் போகும் பிள்ளைகள்: கல்லூரி முதலாண்டில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்வது எப்படி? நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பிள்ளை ஒரு பையையும் ஒரு பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. இடையில் கிடைக்கும் சில வாரங்களில் பெற்றோரிடம் நாம் கேட்பது இரண்டே விஷயம்: கையெழுத்து, பணம். இரண்டையும் கொடுத்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது என்று பள்ளி நினைக்கிறது, கல்லூரி நினைக்கிறது, பல வீடுகளில் அவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். "நமக்கென்ன தெரியும், படிச்சவங்க பாத்துக்குவாங்க" என்ற பேச்சைக் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் எந்த எஸ்டேட் லைனிலும் கேட்கலாம்.

அந்தப் பேச்சை மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், ஊரில் முதலில் பட்டம் வாங்கிய அண்ணன் அக்காமார், கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள் என யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். பெற்றோர் நேரடியாகப் படித்தாலும் நல்லதுதான்.

பெற்றோருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. கல்லூரியின் நாள்கணக்கு தெரிந்தால் போதும். பணம் எந்த மாதம் கட்டவேண்டும், எத்தனை நாள் லீவு போடலாம், தேர்வு எப்போது, ஒரு சிக்கல் என்றால் யாரிடம் பேசுவது ஆகிய நான்கும் தெரிந்த அம்மா, கைநாட்டு வைப்பவராக இருந்தாலும் பிள்ளையைத் தாங்கிப் பிடித்துவிடுவார். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த நான்கைப் பெற்றோர் கையில் கொடுப்பதற்காகத்தான்.

படி 1: கூட்டத்தை அவர்கள் இருக்குமிடத்தில் போடுங்கள்

பள்ளியில் புதன்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. வருகிற நாலு பேரும் ஏற்கெனவே விவரம் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு, சந்தைக்குப் போனவர்கள் திரும்பியபின், எஸ்டேட் லைனிலோ ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ கோயில் திண்ணையிலோ வையுங்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கூட்டம் தானாகச் சேரும்.

காலம் முக்கியம். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும். முடிவு வரும்வரை வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஏப்ரலில் முதல் கூட்டம், முடிவு வந்த வாரத்தில் இரண்டாவது, கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மூன்றாவது என்று பிள்ளை கிளம்பும்வரை மூன்று போதும். அதற்குமேல் போட்டால் ஆள் வராது.

அப்பா மட்டும் வந்தால் பாதிக் கூட்டம்தான். பணத்தை எப்போது புரட்டுவது என்ற முடிவு பல வீடுகளில் அம்மாவிடம் இருக்கிறது. போனில் தினமும் பேசப்போவதும் அவர்தான். பாட்டி வளர்த்த பிள்ளை என்றால் பாட்டியும் வரட்டும். பேச்சை எந்த மொழியில் வைப்பது என்று முன்கூட்டியே யோசியுங்கள். ஒரே கூடத்தில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது நம் மலையில் சாதாரணம். பந்தலூர் பக்கம் பணியர் குடும்பங்களும் இருக்கலாம். ஊர்ப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்று அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னால் போதும்.

படி 2: காகித வேலையைப் பெற்றோரோடு சேர்ந்து முடியுங்கள்

முதல் கூட்டத்தில் அறிவுரை வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்தையும் கையிலிருக்கும் காகிதங்களைப் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா காலத்து ஆவணத்தில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருக்க வாய்ப்பு உண்டு. இதைச் சேர்க்கை வாரத்தில் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் தலைவலி. ஏப்ரலில் கண்டுபிடித்தால் இ-சேவை மையத்துக்கு இரண்டு நடை, அவ்வளவுதான்.

பழங்குடியினர் குடும்பங்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர்களுக்கான சாதிச் சான்றைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருகிறார். உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று கோட்டங்கள் இங்கே. விசாரணைக்கு நாள் எடுக்கும். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் யாரிடம் சான்று இல்லை என்று பிளஸ் டூ தொடங்கும்போதே பார்த்துவிடுவது பள்ளியின் கடமை என்று சொல்வேன்.

வருமானச் சான்றைப் புதிதாக வாங்குங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்குங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்க அது வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். இதைத் தெரியாமல் "இன்ஜினியரிங்கெல்லாம் நமக்கு ஆகாது" என்று விண்ணப்பமே போடாத வீடுகள் உண்டு என்பதால்தான் இத்தனை நீட்டிச் சொல்கிறேன்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் சொந்தப் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்கவேண்டும். உதவித்தொகை எல்லாம் அதில்தான் விழும். எல்லாச் சான்றுக்கும் ஐந்து நகல் எடுத்து, ஒரு தொகுப்பு வீட்டிலேயே இருக்கட்டும். அந்தத் தொகுப்பு அம்மாவின் பொறுப்பு. கல்லூரியிலிருந்து போன் வந்தால் எதை எடுத்துப் போட்டோ அனுப்புவது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

படி 3: ஓராண்டுப் பணக்கணக்கை மாதவாரியாக எழுதுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. கூட்டத்தில் பெரிய சார்ட் தாளை ஒட்டி, ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு மாதத்தையும் எழுதுங்கள். ஒரு பக்கம் கல்லூரி கேட்பது, மறுபக்கம் வீட்டுக்கு வருவது.

மலையில் வருமானம் மாதத்துக்கு மாதம் ஒன்றுபோல் வருவதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை ஒழுங்காகப் பெய்தால் கொழுந்து நன்றாக வரும். சிறு விவசாயிக்குத் தொழிற்சாலையிலிருந்து பச்சைத் தேயிலைப் பணம் கையில் இருக்கும். சேர்க்கைக் கட்டணம் அப்படியே கழிந்துவிடும். தீபாவளியை ஒட்டி எஸ்டேட் தொழிலாளிக்கு போனஸ் வரும். அப்புறம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கொழுந்து கருகும், பறிப்பு குறையும், பச்சைத் தேயிலைப் பணமும் சுருங்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாம் பருவக் (செமஸ்டர்) கட்டணம் வந்து நிற்கும்! பருவத் தேர்வுக் கட்டணம் அதற்குச் சற்று முன்னால், அக்டோபர் வாக்கில் வந்திருக்கும். இந்த இரண்டையும் சார்ட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். காய்கறி போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. கேரட் விலை யாருக்குத் தெரியும்? அவர்கள் விலை ஏறும் மாதத்தில் கொஞ்சம் ஒதுக்குவதுதான் வழி.

தீபாவளி போனஸில் ஒரு பங்கை அப்படியே எடுத்துவைப்பது எஸ்டேட் குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை. மகளிர் சுயஉதவிக் குழுக் கடனையும் சீட்டையும் ஜனவரிக்கு வருவதுபோல முன்பே பேசிவைக்கலாம். அடகுக் கடை கடைசியில் வரட்டும்.

கல்விக் கடன் வேண்டுமென்றால், 4 லட்சம் ரூபாய் வரை பிணை ஏதும் தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்திலும் அது முடிந்து ஓராண்டுக்கும் பொதுவாகத் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கடைசி வரியைப் பெற்றோரிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், மாணவியருக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். சரிபார்த்தபின்தான் பணம் வரும் என்பதால் முதல் மாதச் செலவை அதை நம்பிப் போடக்கூடாது. அந்தப் பணம் யாருடையது என்பதில் வீடுகளில் சண்டை வருவதுண்டு. என் கருத்தில் அது பிள்ளையின் பஸ், புத்தகம், சோப்புச் செலவுக்கு. வீட்டுக் கடனுக்கு அதை எடுக்கத் தொடங்கினால், பிள்ளை அற்பச் செலவுக்குக்கூட நண்பர்களிடம் கைநீட்டும்.

பழங்குடியினர், ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் கல்லூரி மாணவர்களுக்கென்றே இலவச விடுதிகள் நடத்துகின்றன. தனியார் விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 4: சேர்வதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்

எந்தக் கல்லூரி என்ற விவாதத்தை நீங்கள் முடிக்கவேண்டாம். ஆனால் "பொம்பளப் புள்ள, பக்கத்துலயே படிக்கட்டும்" என்பதும் "கோயமுத்தூருன்னா தான் படிப்பு" என்பதும் இரண்டுமே அரைகுறைப் பேச்சு என்று சொல்லலாம். 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, கேத்தியில் சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி எல்லாம் மலையிலேயே இருக்கின்றன. பிள்ளை கேட்கும் பாடம் இங்கே இருந்தால் இங்கே, இல்லையென்றால் கீழே. பந்தலூர்ப் பிள்ளைக்கு ஊட்டியே வெளியூர்தான் என்பதும் நினைவிருக்கட்டும். கூடலூரிலிருந்தே 50 கிலோமீட்டர் மலைப்பாதை, மழைக்காலத்தில் தினமும் போய்வர முடியாது.

கல்லூரியைப் பார்க்கப் போவது வேலை நாளாக இருக்கட்டும். காலை முதல் பஸ்ஸில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். போகும்போது அப்பா வழிகாட்டலாம். திரும்பும்போது பிள்ளை முன்னால் நடக்கட்டும்: டவுன் பஸ் விசாரிப்பது, கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் ஊட்டி பஸ் நிலையத்துக்கு வந்து சேருவது, டிக்கெட் எடுப்பது எல்லாம். அப்பா பின்னால் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும். கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு நாளில் இருவருக்கும் வரும் தைரியம் பத்து அறிவுரையில் வராது.

கல்லூரியில் பெற்றோர் கேட்கவேண்டியவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்:

- வகுப்புப் பொறுப்பாசிரியர் யார், அவருடைய எண் என்ன, எந்த நேரத்தில் பேசலாம்?
- விடுதி வாசல் எத்தனை மணிக்கு மூடும்? இரவில் காய்ச்சல் என்றால் யார் கூட்டிப் போவார்கள்?
- கட்டணம் எத்தனை தவணை? ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டா?
- அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அசல் சான்றுகளைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பில் குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் உண்டு. இது தெரிந்த பெற்றோரிடம் அலுவலக ஜன்னலின் பேச்சே மாறிவிடும்.

படி 5: கிளம்பும் முன் ஒரு உட்கார்ந்த பேச்சு

மூன்றாவது கூட்டத்தில் பெற்றோரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குள் பேசி மூன்றை முடிவு செய்யவேண்டும்.

முதலாவது, போன். எந்த நாள், எந்த நேரம்? தினமும் மூன்று முறை கூப்பிடுகிற அம்மாவும் உண்டு, "அவனே கூப்பிடட்டும்" என்று வீம்பாக இருக்கிற அப்பாவும் உண்டு. நடுவில் ஒரு நேரத்தைப் பேசிவையுங்கள். நம் ஊரில் சிக்னல் ஒரு பெரிய விஷயம். வீட்டில் கிடைக்காது, பஸ் ஸ்டாப் மேட்டில் கிடைக்கும் என்றால் அந்த மேட்டுக்கு வரும் நேரம்தான் பேசும் நேரம். தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய் இரண்டு நாள் தொடர்பே இல்லாமல் போகலாம். அதே நேரம் வாட்ஸப்பில் எந்த ஊர் மண்சரிவோ பழைய வீடியோவாகச் சுற்றும். அங்கே விடுதியில் பிள்ளை துடித்துப்போகும். அதனால் சிக்னல் கிடைக்கிற மூன்றாவது ஆள் ஒருவரின் எண்ணைப் பிள்ளை வைத்திருக்க வேண்டும். டீக்கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், யாராக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பணம். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுப்புவோம், அவசரத்துக்கு எவ்வளவு தனியாக இருக்கும். தொகை சிறிதாக இருந்தாலும் தேதி தவறக்கூடாது.

மூன்றாவது, வீட்டுக்கு வருவது. இதை ஏழாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

சாமான் விஷயத்தில் ஒரு வார்த்தை. குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர் உயரம், கோவை 400 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு ஸ்வெட்டரும் கனமான கம்பளியும் அம்மா ஆசையாய் மடித்துவைப்பார். எடுத்து வெளியே வையுங்கள். பருத்தித் துணி, கொசுவலை, தண்ணீர் பாட்டில் போதும்.

படி 6: முதல் ஆறு வாரம், போனில் என்ன பேசுவது

கீழே போன மலைப்பிள்ளைக்கு முதலில் எதிரி ஆங்கிலமோ சீனியரோ அல்ல, புழுக்கம்தான். மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வராது. வேர்க்குரு, கொசுக்கடி, தண்ணீர் மாற்றத்தில் வயிற்றுக் கோளாறு. தூக்கமில்லாத பிள்ளை போனில் அழுதால், "அங்க யாரோ ஏதோ பண்றாங்க" என்று வீடு பயந்துவிடும். உடம்பு பழகச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெங்கு வரக்கூடிய ஊர்கள் அவை.

அடுத்தது பேச்சு. "சாப்பிட்டியா?" "சாப்ட்டேன்." "நல்லாப் படிக்கிறியா?" "ம்." அதோடு முடிந்துவிடுகிறது. கேள்வியை மாற்றச் சொல்லிக்கொடுங்கள்:

"இன்னைக்கு க்ளாஸ்ல யார் பக்கத்துல உக்காந்த?"
"எந்த சார் சொல்றது புரியுது? எது சுத்தமா புரியலை?"
"மெஸ்ல எது வாயில வைக்க முடியலை?"

பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் மூன்று வாரமாக ஒன்றுமே வரவில்லை என்றால் பிள்ளை தனியாக இருக்கிறது என்று அம்மாவுக்கே புரிந்துவிடும். தமிழ் வழியில் படித்து ஆங்கில வழியில் சேர்ந்த பிள்ளை "எதுவும் புரியலை" என்றால், "எந்தப் பேப்பர்?" என்று கேட்கட்டும். ஒரு பேப்பர் பெயர் வந்துவிட்டால் அதற்கு ஒரு சீனியரையோ ஊர் அக்காவையோ தேடலாம். "எதுவும்" என்பதற்கு யாரையும் தேட முடியாது.

இரண்டாவது ஞாயிறோ மூன்றாவது ஞாயிறோ அந்தப் போன் வரும்: "அம்மா, நான் வந்துடட்டுமா?" இதற்கு வீடுகளில் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, "வந்துடு கண்ணு, படிச்சது போதும்." இன்னொன்று, "உனக்காக நாங்க அட்டைக்கடியில நிக்கிறோம், உனக்கு அங்க என்ன கேடு?" முதல் பதில் கதவை மூடுகிறது. இரண்டாவது பதிலுக்குப் பிறகு பிள்ளை உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும், அதுதான் அதிக ஆபத்து. கூட்டத்தில் பெற்றோரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வைக்க வேண்டிய பதில் இது: "சரி சாமி, கஷ்டமாத்தான் இருக்கும். இந்த வாரம் முடிச்சிட்டு சனிக்கிழமை வா, பேசிக்கலாம்." சனிக்கிழமை வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, ஒரு நாள் போர்வைக்குள் தூங்கி எழுந்ததும் ஞாயிறு மாலை பஸ்ஸைத் தானே விசாரிக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் நின்றுபோவது, போனை எடுக்காமலே இருப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது போன்ற பேச்சு, காரணம் சொல்லாமல் அடிக்கடி பணம் கேட்பது. அப்போது கூலி பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் போய் நேரில் பார்க்கவேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்; பிள்ளை மட்டுமல்ல, பயந்துபோன பெற்றோரும் பேசலாம்.

படி 7: வருகைப்பதிவு என்றால் என்ன என்று புரியவைத்தல்

முதலாண்டில் வீடே தெரியாமல் கெடுத்துவிடும் ஒரே விஷயம் இதுதான். ஊரில் சாவு, சொந்தத்தில் கல்யாணம், மாரியம்மன் திருவிழா, எத்தையம்மன் பண்டிகை என்று எல்லாவற்றுக்கும் பிள்ளை வந்தாகவேண்டும். வராவிட்டால் "படிக்கப் போனதும் பெரிய ஆளாயிட்டான்" என்ற பேச்சு. பள்ளியில் இருந்தபோது இது பெரிதாகத் தெரியவில்லை. கல்லூரியில் பொதுவாக 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் அபராதத்தோடு விடலாம், அதிகம் குறைந்தால் அந்தப் பருவமே வீண்.

சதவீதம் என்று சொன்னால் யார் மனதிலும் ஏறாது. நாளாக மாற்றிச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விட முடியும். காய்ச்சலுக்கு ஐந்தாறு நாள் ஒதுக்குங்கள். மண்சரிவில் பாதை மூடியது, பஸ் இல்லை என்று இரண்டு மூன்று. மீதி சுமார் 14. வாரக் கடைசியில் வரும் பிள்ளை திங்கட்கிழமை காலை பஸ்ஸைத் தவறவிடுவது வழக்கமாகிவிட்டால் அதிலேயே பதினான்கும் தீர்ந்துவிடும். நெருங்கிய சொந்தத்தில் நிஜமாகவே ஒரு சாவு வரும்போது கையில் நாள் இருக்காது.

கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காலண்டரைக் கொடுத்து, எதற்கெல்லாம் பிள்ளையைக் கூப்பிடுவோம் என்று அவர்களையே வட்டம் போடச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "படிக்கிற புள்ளைங்க காரியத்துக்கு வரலைன்னா யாரும் தப்பா நினைக்கக் கூடாது" என்று சபையில் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பெற்றோருக்கு ஊர்வாய்க்குப் பயம். அந்தப் பயத்தை ஊர்தான் எடுக்க முடியும், நீங்களும் நானும் எடுக்க முடியாது.

படி 8: கல்லூரிப் பக்கம் செய்யவேண்டியது

கோவை, மேட்டுப்பாளையம் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு.

பெற்றோரை முதல்முறை கூப்பிடுவது புகாருக்காக இருக்கக் கூடாது. சேர்ந்த இரண்டாம் வாரத்தில் "உங்க பொண்ணு வகுப்புக்கு ஒழுங்கா வர்றாங்க, நான்தான் பொறுப்பாசிரியர், எதுன்னாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். பிறகு நவம்பரில் வருகை குறைகிறது என்று நீங்கள் பேசும்போது அவர்கள் பதறாமல் கேட்பார்கள்.

வாட்ஸப் குழுவில் ஆங்கிலச் சுற்றறிக்கையை அப்படியே போடாதீர்கள். தமிழில் குரல்பதிவு அனுப்புங்கள்: கட்டணத் தேதி, தேர்வுத் தேதி, விடுமுறைத் தேதி. படிக்கத் தெரியாதவரும் கேட்டுக்கொள்வார். பெற்றோர் கூட்டத்துக்கு வேலை நாளில் மலையிலிருந்து ஆளை இறக்குவதைவிட, ஆண்டுக்கு ஒரு ஞாயிறு நீங்கள் இரண்டு பேர் குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஏறி வந்தால் நீலகிரிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் வந்துவிடுவார்கள்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதி புதிதல்ல, ஆனால் நூற்றுக்கணக்கான அந்நியர்கள் புதிது. அவர்கள் வீட்டுக்கு நேரடியாகப் போன் எட்டாவிட்டால் பழைய பள்ளி ஆசிரியர் வழியாகச் சொல்லுங்கள்.

ஒரு எல்லையும் வேண்டும். பிள்ளைக்கு 18 ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது. வருகை, மதிப்பெண், கட்டணம் பெற்றோரிடம் போகும் என்று முதல் நாளே மாணவரிடம் சொல்லிவிடுங்கள். நட்பு, காதல், மனக்கஷ்டம் போன்றவற்றை அவரைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். ஒரு பெண்ணின் படிப்பு அந்த ஒரு போனில் நின்றுவிடலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இந்த எல்லை கிடையாது.

படி 9: ராகிங்

சுருக்கமாக: தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கவேண்டும். பெற்றோர் அதில் படிக்காமல் கையெழுத்திடாமல் இருக்க, ஒருவர் வாசித்துக் காட்டட்டும். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். அந்த எண் அம்மாவின் போனிலும் இருக்கட்டும்.

படி 10: முதல் பருவத்தின் முடிவு வரும்போது

பருவத் தேர்வு நவம்பர், டிசம்பரில் நடந்து அடுத்த சில வாரங்களில் முடிவு வரும். அதற்கு முன்பே ஒரு சிறு கூட்டம் போட்டு மதிப்பெண் முறையைச் சொல்லுங்கள். பல கலைக் கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும். உள்மதிப்பீட்டில் வகுப்புத் தேர்வும் அசைன்மென்ட்டும் அடங்கும். கடைசி மாதம் மட்டும் முட்டிப் படித்தால் அந்த மதிப்பெண் திரும்ப வராது.

அரியர் என்ற ஒன்றைப் பெற்றோருக்கு விளக்காவிட்டால் மற்ற எல்லாம் வீண். வீட்டின் காதில் அது "பெயில்", அதாவது ஒரு வருடம் போச்சு. உண்மையில் அந்த ஒரு பேப்பரை மறுபடி கட்டணம் கட்டி எழுதலாம், அடுத்த பருவ வகுப்பும் கூடவே நடக்கும். இது தெரியாத வீட்டில் பிள்ளை அரியரை மறைக்கும். கட்டணம் கேட்கப் பயந்து மறுதேர்வும் எழுதாது. ஒன்று நாலாகும், அப்புறம் படிப்பே வேண்டாம் என்று திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடும். முடிவு வரும் நாளில் பெற்றோர் கேட்கவேண்டியது இரண்டு கேள்விதான்: "எந்தப் பேப்பர் நின்னுச்சு? மறுபடி எழுத எப்ப, எவ்வளவு கட்டணும்?"

பாடமே பிடிக்கவில்லை, வேறு கல்லூரி போகிறேன் என்று பிள்ளை சொன்னால் உடனே மாற்றுச் சான்றிதழ் வாங்க ஓடவேண்டாம். புதிய இடம் உறுதியானபின்தான் பழையதை விடவேண்டும். உதவித்தொகையும் கல்விக் கடனும் மாற்றத்தில் என்னவாகும் என்று அலுவலகத்திலும் வங்கியிலும் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தப் பேச்சில் பெற்றோர், பிள்ளை, பொறுப்பாசிரியர் மூவரும் ஒரே அறையில் இருக்கட்டும்.

இரண்டாம் பருவம் தொடங்கியதும் உங்கள் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இந்த ஆண்டு பிள்ளையை அனுப்பிய அம்மாக்களில் இருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பிள்ளை ஒழுங்காகத் தேறியிருக்கட்டும், இன்னொருவரின் பிள்ளை அரியர் வைத்துச் சமாளித்ததாக இருக்கட்டும். ஏப்ரல் கூட்டத்தில் நீங்கள் பேசுவதற்கு முன் அவர்கள் இருவரும் பேசவேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு டீயும் பஸ் காசும் பள்ளிக் கணக்கில் போடுங்கள்.